பிளேக் நோயும் பெங்களூர் வீடும்

வீடு என்பது அந்தந்த ஊரின் வெயிலுக்கும் மழைக்கும் காற்றுக்கும் ஏற்றதாக இருக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். அப்படிப்பட்ட வீடு தானாக அமைந்துவிடுவதில்லை என்பதற்குப் பெங்களூரின் சரித்திரமே சாட்சி.

1883 முதல் 1901 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் பாலக்காட்டைச் சேர்ந்த நம்மவரான சர் கே. சேஷாத்ரி ஐயர். சிவசமுத்திரம் மின் திட்டத்துக்காக அவரை இன்றும் நினைவுகூர்கிறோம். ஹெசரகட்டாவிலிருந்து 1896-இல் குழாய்த் தண்ணீர் வந்ததும் அவர் காலத்தில்தான். அன்றைய பேட்டைப் பகுதியில் வீடுகள் நெருக்கமாக, காற்றும் வெளிச்சமும் போதாமல் இருந்தன. 1892-இல் சாமராஜப்பேட்டை உருவாயிற்று. 1898-இல் பிளேக் பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகுதான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வேகமாக வளர்ந்தன.

அங்கே நேரான அகலத் தெருக்கள், தனித்தனி மனைகள், வீட்டைச் சுற்றிக் காலியிடம், பின்புறம் ஒரு சந்து என்று திட்டமிட்டார்கள். மனிதக் கழிவை மனிதரே சுமந்து செல்வதற்காக விடப்பட்ட சந்து அது. பழம்பெருமை பேசும்போது இந்த அவலத்தையும் மறைக்கக் கூடாது.

நம் அக்ரஹார வீடு வேறு மாதிரியானது. பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர்; திண்ணை, ரேழி, கூடம்; வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நடுவில் முற்றம். மல்லேஸ்வரத்தில் நாற்புறமும் ஜன்னல் வைக்க இடம் கிடைத்ததால், முற்றத்தின் வேலையை ஜன்னல்களே செய்தன. கூரைக்கு மங்களூர் ஓடு வந்தது. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த ஓடு அது. மேலே சேரும் உஷ்ணக் காற்று ஓட்டு இடுக்குகள் வழியே வெளியேறிவிடும். ஆக, காவிரிக்கரை வீட்டை நம் பெரியவர்கள் அப்படியே இங்கே பெயர்த்து வரவில்லை. இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள். அதனால் ஆசாரம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

பின்னர் 1939-இல் ஜெர்மனியரான ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர் மைசூர் அரசின் கட்டடக் கலைஞராக வந்தார். நாஜிகளால் நாட்டை விட்டு வெளியேறியவர் அவர். இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பல கட்டடங்களை வடிவமைத்தார். உஷ்ணப் பிரதேச வீடுகளைப் பற்றி 1970-களில் அவர் பிறருடன் சேர்ந்து எழுதிய நூல் உலகெங்கும் பாடப்புத்தகமாயிற்று.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் இரண்டு கணக்குகள் சொல்கிறேன். பெங்களூர் 13 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. தெற்குச் சுவரில் விழும் நடுப்பகல் வெயிலை, சூரியன் உயரத்தில் இருப்பதால், சிறிய சன்ஷேடே தடுத்துவிடும். மேற்கு வெயிலோ சாய்ந்து வருவது; சன்ஷேடுக்குக் கட்டுப்படாது. மேற்கே முழுக் கண்ணாடி வைத்துவிட்டு ஏ.சி. வாங்குவது இரட்டைச் செலவு.

அடுத்தது தண்ணீர். இங்கே ஆண்டு மழை சராசரியாக 970 மில்லிமீட்டர். முப்பதுக்கு நாற்பது அடி மனையில் 100 சதுர மீட்டர் மொட்டைமாடி இருந்தால், 97,000 லிட்டர் விழுகிறது. எண்பது சதவீதம் பிடித்தாலும் சுமார் 77,000 லிட்டர். ஆளுக்குத் தினம் 135 லிட்டர் என்றால், நால்வர் குடும்பத்துக்கு 140 நாள் வரும். மழை பல மாதங்களில் பரவிப் பெய்வதால் சிறிய தொட்டியே திரும்பத் திரும்ப நிரம்பும். 2009-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிச் சட்டமே வந்தது. ஆயினும் 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, நகரமே டேங்கர் லாரிக்காகக் காத்திருந்தது.

பழைய வீடுகளை இடித்து, மனையை முழுவதும் அடைத்து மாடி எழுப்புகிறார்கள். பிள்ளைகளுக்குப் பங்கு, வயதானவர்களுக்கு லிஃப்ட், காருக்கு இடம் என்று எல்லாம் நியாயமான தேவைகளே. ஓட்டு வீட்டையே கட்டுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. பிளேக் வந்த பிறகுதான் அன்று காற்றுக்கு இடம் விட்டார்கள். இன்று நமக்கு அந்த மாதிரி எச்சரிக்கை தண்ணீர்ப் பஞ்சத்தின் மூலம் வந்தாகிவிட்டது. எந்த ஊரில் இருந்தாலும், புது வீட்டின் வரைபடத்தில் கையெழுத்துப் போடுமுன் அங்கத்தினர்கள் இன்ஜினீயரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும்? மேற்கு வெயிலை எது தடுக்கும்? மாடியில் விழும் மழை எங்கே சேரும்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு டைல்ஸ் நிறத்தைப் பற்றிப் பேசலாம்.