டெக்சஸில் ஒரு தேடிய தேட்டம்

டெக்சஸின் சுகர்லாந்தில் வீடு வாங்கிய அன்று, கையெழுத்துக்கு நீட்டிய தாள்களில் 'கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி' என்ற சொல்லில் மனைவியின் விரல் நின்றது. "இஞ்சாருங்கோ, இதென்ன?" "தேடிய தேட்டம்" என்றேன், யோசிக்காமலே. அப்பா சாவகச்சேரியில் நொத்தாரிசு. உறுதி எழுத வருபவரிடம் அவர் கேட்கும் முதற் கேள்வியே காணி பரம்பரையாய் வந்த முதுசொமோ, சீதனமோ, தேடிய தேட்டமோ என்பதுதான்.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் நம்மவர் வழக்கங்களைத் திரட்டி எழுத, 12 முதலிமார் பார்த்துச் சரியென்ற தொகுப்பு தேசவழமை. கலியாணத்துக்குப் பின் சேர்ந்தது இருவருக்கும் பொது என்றது அது. அந்நாளைய இங்கிலாந்துப் பொதுச் சட்டத்திலோ, பெண்ணின் கைப்பொருளெல்லாம் தாலி ஏறியதும் புருசனுடையது.

டெக்சஸ் ஸ்பானிய, மெக்சிகச் சட்டத்தில் வளர்ந்த மண். தனிக் குடியரசாக இருந்தபோது, 1840 ஜனவரி 20இல் ஆங்கிலப் பொதுச் சட்டத்தை ஏற்றது. ஆனால் தம்பதியர் சொத்தில், சேர்ந்தது இருவருக்கும் பொது என்ற ஸ்பானிய முறையை விடவில்லை. அந்த முறைப்படி குடும்பம் நடத்திக் காணி வாங்கியவர்களைக் குழப்ப யாருக்கு மனம் வரும்?

அதே முறையை எடுத்த கலிபோர்னியாவின் கதை இன்னும் சுவை. 1849இல் மான்டெரேயில் அரசியலமைப்பு எழுதக் கூடியவர்களில் ஹென்றி ஹாலெக் கலியாணம் கட்டாதவர். மனைவியின் சொத்து அவளுக்கே என்று எழுதினால் பணக்காரப் பெண்கள் இங்கே வருவார்கள், ஆகவே பிரமச்சாரிகளெல்லாம் ஆதரியுங்கள் என்றார். எங்களூர்க் கலியாணத் தரகர் தோற்றார்!

ஆனால் அம்மாவின் சீதனத் தென்னங்காணியை நினைத்தால் இரண்டு மாநிலங்களும் பிரிந்துவிடுகின்றன. காணி அம்மாவுடையது, தேங்காய் விற்ற காசு தேடிய தேட்டம். அப்பா இதில் கறார். டெக்சஸிலும் அப்படித்தான்: மனைவிக்குத் தாய்வழி வந்த வீடு அவளுடையது, அதன் வாடகை இருவருக்கும். கலிபோர்னியாவிலோ வாடகையும் அவளுக்கே. 1860இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நாங்கள் முன்பு இருந்த நியூஜெர்சியில் இந்தப் பேச்சே இல்லை. யார் பேரில் உறுதியோ அவருடையது. மணமுறிவென்று வந்தால்தான் நீதிபதி நியாயம் பார்த்துப் பிரிப்பார், அதுவும் 1971க்குப் பிறகு. சரிபாதி என்று கட்டாயமில்லை.

இரவு அப்பாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அங்கை குடியிருக்கிற வீட்டைப் புருசன் தனிய விக்கலாமோ?" என்றார்.

"ஏலாது. இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணும்."

தேசவழமையில் தேட்டத்துக்குப் புருசன்தான் மனேஜர். மனைவியைக் கேளாமலே விற்கலாம். அப்பா கொஞ்சநேரம் பேசவில்லை.

"அந்தப் 12 முதலிமாரில ஒரு பொம்பிளையாவது இருந்திருக்கவேணும்" என்றார்.