ஸ்டுட்கார்ட்: பௌத்தத் தியானமும் உளமருத்துவமும்

பௌத்தத் தியான மரபும் மன அறிவியலும் பேசிக்கொள்ளத் தொடங்கியது 1987-இல், தரம்சாலாவில் தலாய் லாமாவும் நரம்பியலாளர் பிரான்சிஸ்கோ வரேலாவும் கூடியபோது என்பார்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர்கள் அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பேச்சில் இறங்கிவிட்டார்கள். அவர்கள் கையில் மூளைப் படக் கருவி இல்லை. நோயாளியும் மருத்துவரும் உட்காரும் அறைதான் அவர்களுடைய ஆய்வுக்கூடம்.

குண்டுவீச்சில் இடிந்து மீண்டெழுந்துகொண்டிருந்த அந்த நகரில், 1949-இல் உளமருத்துவர் வில்ஹெல்ம் பிட்டர் (1893–1974) ‘மருத்துவரும் அருட்பணியாளரும்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் மாநாட்டு உரைகளை உள்ளூர்ப் பதிப்பகமான கிளெட் நூலாக்கியது. 1958-இல் வந்த தொகுப்பு, சமயத்திலும் உளச்சிகிச்சையிலும் தியானத்துக்குள்ள இடத்தைப் பற்றியது. 1968-இல் வந்த தொகுப்பின் தலைப்பிலேயே மேலைச் சிகிச்சையும் கீழை ஞானமும் சரிசமமாக நின்றன. பத்தாண்டில் நேர்ந்த இந்த நகர்வு சிறியதல்ல.

மருத்துவர்களுக்கு முன்பே பழக்கமான பயிற்சி ஒன்று இருந்தது: யோ. ஹா. ஷூல்ட்ஸ் 1932-இல் நூலாக வெளியிட்ட தற்தளர்வுப் பயிற்சி. அவருடைய பதிப்பகமான தீமெ, போருக்குப் பின் லைப்ட்சிக்கிலிருந்து வந்து ஸ்டுட்கார்ட்டில் நிலைகொண்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கும் குதிரைவண்டிக்காரனைப் போல முதுகைத் தளர்த்தி, தலை தொங்க, முன்கைகளைத் தொடைமேல் சாய்த்துக்கொள்ள வேண்டும். வலக்கை கனக்கிறது என்று மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்ல, கை மெய்யாகவே கனக்கும். அடுத்து வெம்மை பரவும். ஹிப்னாடிச ஆய்வில் பிறந்த முறை இது. பௌத்த சதிபட்டானப் பயிற்சி இதற்கு நேர்மாறு. அங்கே உடலுக்குக் கட்டளை கிடையாது. மூச்சு நீண்டால் நீளம், குறுகினால் குறுக்கம் என்று அறிவதோடு சரி.

இந்தப் பௌத்தப் பயிற்சியை ஜெர்மானியருக்கு விளங்கவைத்தவர் கண்டிக் காட்டில் வாழ்ந்த ஜெர்மன் துறவி ஞானபோனிக தேரர் (1901–1994). அவருடைய சதிபட்டான நூல் ஜெர்மன் மொழியில் 1950-இல் வந்தது. உளப்பகுப்பாய்வாளர் எரிக் ஃபிராம் அவரைப் பெரிதும் மதித்தார். பாலியின் ‘சதி’ ஜெர்மன் மொழியில் ‘அக்ட்சாம்கைட்’, அதாவது கவனம், என்றானது. சதியின் வேர்ப்பொருளோ நினைவு. தமிழ்ப் பௌத்த நூல்கள் அதை ‘நற்கடைப்பிடி’ என்கின்றன. கொண்ட பொருளை மறவாமையே கடைப்பிடி என்பது பழைய உரை. தமிழ்ச் சொல்லே மூலத்துக்கு நெருக்கமானது என்பது என் துணிபு. அதில் வியப்பில்லை: உறையூர்ப் புத்ததத்தர் சோழநாட்டிலிருந்து மனக்கூறுகளை வகுத்து ‘அபிதம்மாவதாரம்’ எழுதிய மரபு நம்முடையது.

1979-இல் ஜான் கபட்-சின் அமெரிக்காவில் எட்டு வார மருத்துவமனைப் பயிற்சியாகச் சதியை வடித்தபின் அளவீடு முன்னே வந்தது. லைப்ட்சிக்கின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் தானியா சிங்கர் நடத்திய ஒன்பது மாதப் பயிற்சி ஆய்வு கவனம், பரிவு, பிறர் நோக்கை உணர்தல் ஆகியவற்றைத் தனித்தனியே பயிற்றி ஒப்பிட்டது. அழுத்தம் தணிகிறதா என்று மருத்துவம் கேட்கிறது. வேட்கை அறுகிறதா என்று பௌத்தம் கேட்கிறது. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் விடையாகக் கொள்வது தவறு. இந்த உரையாடலின் தொடர்ச்சியாக, 2013 ஜனவரியில் கர்நாடகத்து முண்ட்கோட்டின் ட்ரெபுங் மடத்தில் இரு தரப்பும் கூடியபோது, ஆயிரக்கணக்கான துறவிகள் எதிரே அமர்ந்து அறிவியலாளர்களின் பேச்சைக் கேட்டார்கள்.