கம் ஃப்ரம் (மும்பைத் தமிழர் வழக்கில்)

ஒருவரின் சொந்த ஊரையோ ஒரு பொருள் வந்த இடத்தையோ சொல்ல ஆங்கிலத்தில் வழங்கும் கூட்டுவினை 'கம் ஃப்ரம்'. ஊரைச் சொல்லும்போது இது சாதாரண நிகழ்காலத்தில் நிற்கும்: 'ஐ கம் ஃப்ரம் திருநெல்வேலி.' 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் திருநெல்வேலி' என்றால் ஆள் இன்னும் வழியில் இருக்கிறார் என்று பொருள். தாதரை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் சாளுக்கியா எக்ஸ்பிரசுக்கு அது சரி; தாராவியில் பிறந்து வளர்ந்தவருக்குச் சரிவராது.

தமிழர் இதில் தடுமாறுவது இயல்பு. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள் சொல்கிறது. 'திருநெல்வேலியிலிருந்து வருகிறேன்' என்பது நீங்கல், அதாவது பயணம். பூர்வீகத்தைச் சொல்லத் தமிழுக்கு வினையே வேண்டாம்; 'எனக்குத் தின்னவேலி' என்றால் முடிந்தது. மும்பை இந்தியும் 'கஹாங் ஸே ஹோ?' என்றுதான் கேட்கிறது. அதில் 'வருதல்' இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஊர் இரண்டாக இருப்பது. தாராவித் தமிழர் பலரின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிட வந்தவர்கள். 1932இல் எஸ்.ஐ.இ.எஸ். கல்விக் கழகம் தொடங்கிய மாட்டுங்காவிலும், பிறகு செம்பூரிலும் குடியேறியவர்களில் பாலக்காடு, தஞ்சாவூர்க் குடும்பங்கள் மிகுதி. பேரப்பிள்ளைகளிடம் 'வேர் டு யூ கம் ஃப்ரம்?' என்று கேட்டால் எந்த ஊரைச் சொல்வது? மும்பை இதற்கு 'நேட்டிவ்' என்ற சொல்லை வைத்திருக்கிறது: 'ஐ ஆம் ஃப்ரம் தாராவி, நேட்டிவ் திருநெல்வேலி.' மே மாத விடுமுறைக்குப் போவதும் 'நேட்டிவ்'வுக்குத்தான். இலக்கண ஆசிரியர்கள் இதைத் திருத்துவார்கள். திருத்தினால் பாதிச் செய்தி போய்விடும்.

ஊரைச் சொல்ல வழங்கும் இன்னொரு தொடரான 'ஹெயில் ஃப்ரம்' மேடை அறிமுகத்துக்கு உரியது. டீக்கடையில் சொன்னால் சிரிப்பு வரும். 'ஸ்டெம் ஃப்ரம்' பெரும்பாலும் பிரச்சினைகளின் மூலத்தைச் சொல்ல உதவும். மூலப்பொருளுக்கு வேறு வழக்கு உண்டு. தாராவித் தோல்பை 'மேட் ஆஃப் லெதர்', தோல் தோலாகவே தெரிவதால். மாட்டுங்கா இட்லி 'மேட் ஃப்ரம்' அரிசியும் உளுந்தும், இரண்டும் மாவாகி அடையாளம் மாறிவிடுவதால்.