ஜெர்ரி யேக்லி என்னும் பயிற்சியாசிரியர் சரித்திரம்

நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை பந்தாட்டத்தில் மிக்க விருப்பங் காட்டுவானாயின், பெற்றோர் முதற்கண் கேட்பது, "இதற்கு உத்தியோகம் எங்கே?" என்பதேயாம். அக்கேள்வி நியாயமற்றதென்று நாம் சொல்லோம். வயிற்றுப்பாடு யாவர்க்கும் உளது. எனினும், அதற்கு விடையில்லாத காலத்திலேயே தொழிலைத் தொடங்கிய ஒருவரது சரித்திரம் அமெரிக்க ஐக்கிய நாட்டில் உண்டு. அதனை நம் சங்கத்து அன்பர்கள் அறிதல் நலமென்றெண்ணி இங்கே வரைகின்றோம்.

அத்தேசத்தில் புட்பால் என்பது பந்தைக் கையிலேந்தியோடும் வேறோர் ஆட்டம். நாம் கால்பந்தென்பதை அவர்கள் சாக்கர் என்பர். கலாசாலைகளுக்கிடையே சாக்கருக்குத் தேசியப் பந்தயம் 1959-ஆம் வருஷத்திலேதான் ஏற்பட்டது. அதுமுதல் 1973 வரை செயிண்ட் லூயி சர்வகலாசாலையாரே பத்து முறை பட்டம் பெற்றனர். அவற்றுள் ஒன்று மாத்திரம் மற்றொரு கோஷ்டியோடு பங்கிட்டுக்கொண்டது. 1961-இல் அவர்களை இறுதிப் பந்தயத்தில் வென்றது பென்ஸில்வேனியா மாகாணத்து வெஸ்ட் செஸ்டர் கலாசாலை. அக்கோஷ்டியில் ஆடிய மாணாக்கருள் ஒருவரே ஜெர்ரி யேக்லி.

1963-இல் இவர் இந்தியானா சர்வகலாசாலைக்கு வந்தார். அங்கே கூடைப்பந்துக்கே பெருமதிப்பு. சாக்கருக்கோ மாணாக்கர் சங்கம் ஒன்றுதான் இருந்தது. சங்கத்திற்கும் சர்வகலாசாலையின் அங்கீகாரம் பெற்ற கோஷ்டிக்கும் உள்ள பேதம் சிறிதன்று. அங்கீகாரம் பெற்றதற்கே விளையாட்டு இலாகாவின் பணமும், ஆட்டத்திற்கான உபகாரச் சம்பளமும், தேசியப் பந்தயத்தில் நுழையும் உரிமையும் உண்டு. இவை யாதுமின்றி யேக்லி பத்து வருஷம் பயிற்சி அளித்தார். பத்து வருஷம் என்று எழுதுவது எளிது. நம்மில் எத்தனை பேர் இரண்டு வருஷம் பொறுப்போம்? 1973-இல்தான் அங்கீகாரம் கிடைத்தது.

அதன்பின் மூன்றே வருஷத்தில், 1976-இல், இறுதிப் பந்தயம் சேர்ந்து ஸான் பிரான்ஸிஸ்கோ சர்வகலாசாலையாரிடம் தோற்றனர். 1978-இலும் 1980-இலும் அவர்களிடமே தோல்வி. 1978-ஆம் வருஷத்துப் பட்டம் பின்னர் ரத்து செய்யப்பட்டது. அப்போதும் அது இந்தியானாவுக்கு வழங்கப்படவில்லை!

1982-இல் ட்யூக் சர்வகலாசாலையை எதிர்த்தாடிய இறுதிப் பந்தயம் குறித்த நேரத்தில் முடியாமல், எட்டு முறை நேரம் நீட்டப்பட்டது. முடிவில் இந்தியானா 2-1 என வென்றது. இரு கோல்களையும் போட்டவர் கிரெக் தாம்ஸன் என்பவர். மறு வருஷமும், 1988-லும் பட்டம் வந்தது. பிறகு பத்து வருஷம் ஒன்றுமில்லை.

அவ்விடைக்காலத்தில் 1994-ஆம் வருஷத்து இறுதிப் பந்தயம் நம் கருத்தைக் கவர்கின்றது. யேக்லியின் குமாரர் டாட் என்பவரும் தந்தையின் கோஷ்டியில் ஆடினார். எதிரே வர்ஜீனியா சர்வகலாசாலை. அதன் பயிற்சியாசிரியர் புரூஸ் அரீனா. வர்ஜீனியா 1-0 என வென்றது. அரீனா 1978-இல் அங்கே சாக்கர்ப் பயிற்சியோடு லக்ராஸ் என்னும் ஆட்டத்துக்கு உதவிப் பயிற்சியாளராகவும் இருந்து மேல்வந்தவர். பின்னர் கலாசாலையை விட்டுத் தொழில்முறைக் கோஷ்டிக்குச் சென்று, 1996, 1997 வருஷங்களில் பட்டம் பெற்று, 2002 உலகக் கோப்பையில் அமெரிக்காவைக் கால் இறுதிவரை நடத்தினார். யேக்லி இருந்த இடத்திலேயே இருந்தார். இருவருள் எவர் சிறந்தாரென்று நாம் தீர்ப்புச் சொல்லத் துணியோம். ஆனால் மக்களைப் பெற்றோர்க்கு இரண்டாமவர் வழியே நெஞ்சுக்கு நெருங்கியதாகத் தோன்றும்.

1998, 1999 ஆகிய வருஷங்களில் மீண்டும் பட்டம். 2003-ஆம் வருஷமே தமது கடைசியென அறிவித்துவிட்டு ஆடுவித்து, அவ்வருஷமும் செயிண்ட் ஜான்ஸ் சர்வகலாசாலையை 2-1 என வென்று ஓய்வு பெற்றார். அங்கீகாரத்துக்குப் பிற்பட்ட 31 பருவங்களில் 544 வெற்றி, 101 தோல்வி, 45 சமம். அதற்கு முந்திய பத்து வருஷத்து ஆட்டங்கள் இக்கணக்கில் சேரா.

அடுத்த வருஷம் அவருடைய உதவியாளராயிருந்த மைக் பிரைடாக் தலைமையில் பட்டம் வந்தது. 2010-இல் குமாரர் டாட் பொறுப்பேற்றார். 2012-இல் ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையை வென்றார். இந்தியானாவுக்கு அது எட்டாவது பட்டம்.