களத்துச் சுதந்திரமும் நலத்தீர்வையும்: கல்லிடைக்குறிச்சி வட்டாரக் கூலிக் குடும்பங்களின் வரலாற்றில் ஒரு கூறு

உழைத்துப் பெறும் கூலி குடும்பத்திற்குப் போதாதவழி அக்குறையை நிரப்பும் கடமை யாருடையது என்னும் வினா, இக்காலப் பொருளியலார் மட்டும் எழுப்பியது அன்று. பொருநையாற்றுப் பள்ளத்தாக்கில் அதற்குப் பழைய விடையொன்று இருந்தது. அதனைச் ‘சுதந்திரம்’ என்னும் சொல் தாங்கி நின்றது.

இன்று விடுதலை என்னும் பொருளில் வழங்கும் இச்சொல் 19ஆம் நூற்றாண்டு நிலவரி ஆவணங்களில் வேறொரு பொருளில் பயில்கின்றது. களத்தில் நெல்லைத் தூற்றிப் பொலி சேர்த்தபின், மேல்வாரம் எனவும் குடிவாரம் எனவும் பகிர்வதற்கு முன், ஊர்த் தொழிலாளர்க்கென எடுத்து வைத்த பங்கினைச் சுதந்திரம் என்றனர். தச்சர், கொல்லர், காவல்காரர், நீர் பாய்ச்சுவோர் முதலியோர் அதனைப் பெற்றனர். இவ்வேற்பாட்டைப் புகழ்வது என் நோக்கமன்று. மிராசுதாரரும் தமக்கெனச் சுதந்திரம் வைத்துக்கொண்டனர். சேற்றில் நின்று நட்டவர்க்கு வந்தது மிகச் சிறிதே. ஆயினும் ஒன்று கருதற்பாலது. அப்பங்கு விளைந்த பொருளிலிருந்தே எடுக்கப்பட்டது. உடையவர் மனமிரங்கி அளித்த கொடையாக எண்ணப்படவில்லை. உரிமை என்னும் பொருளுடைய சொல்லால் அதனை வழங்கியதும் அதுபற்றியே போலும்.

ஆற்றின் தென்கரையில், அம்பாசமுத்திரத்திற்கு எதிர்ப்புறம் அமைந்துள்ள கல்லிடைக்குறிச்சியை இசையுலகம் முத்துசுவாமி தீட்சிதர் பாடிய ஆதிவராகர் கோயிலால் அறியும். நெல் வயல்களுக்கு அப்பால் இவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் கூலிக் குடும்பங்களைத் தாங்கிய வீட்டுத் தொழில்கள் மூன்று: நெசவு, பீடி சுற்றுதல், அப்பளம் இடுதல். மூன்றிலும் வேலைக்கூடம் வீடே. மூன்றிலும் செய்பொருளின் அளவுக்கே கூலி. அரசினர் உதவி மட்டும் மூன்றுக்கும் மூவேறு வழியாக வந்தது, அல்லது வராமற்போயிற்று.

நெசவினைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். ஆலைத் துணியின் போட்டியால் கைத்தறியாளர் நலிந்த காலத்தில், வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்படல் வேண்டும் என்று சென்னை முதலமைச்சராயிருந்த இராசகோபாலாச்சாரியார் வாதிட்டார். 1953இல் மைய அரசு ஆலைத் துணியின்மீது கெசத்திற்கு மூன்று பை, அஃதாவது பழைய கணக்கில் காலணா, தீர்வை விதித்துக் கைத்தறி வளர்ச்சிக்கு அதனைச் செலவிடச் சட்டம் செய்தது. கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனைத் தள்ளுபடிக்கு அது பயன்பட்டது. வலிய தொழிலிடம் பெற்று மெலிந்த தொழிலுக்கு ஈந்த முறை இது. நெசவாளர் கைக்கு அது நேரே சேரவில்லை; துணி வாங்குவோர் கைவழியாகவே தறிக்கு வந்தது.

பீடியின் வரலாறு இதனினும் நுட்பமானது. முதலாளி, ஒப்பந்தக்காரர், வீட்டிலிருந்து சுற்றும் பெண் என மூன்று படிகள் உள்ள இத்தொழிலில், சுற்றுபவர் யாருடைய தொழிலாளி என்பதே நெடுங்காலம் வழக்காக இருந்தது. 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. உச்ச நீதிமன்றம் 1974இல் அதனை நிலைநாட்டியது. பின்னர் 1976இல் இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று நலத்தீர்வை விதித்தது. மற்றொன்று அத்தீர்வையைக் கொண்டு நல நிதி அமைத்தது. முதலில் பீடிக்கான புகையிலையின்மீது விதித்த தீர்வை, புகையிலை ஆயத்துறை மாற்றங்களால் அடிப்படை இழக்கவே, 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சுற்றிய பீடியின்மீதே மாற்றப்பட்டது. ஆயிரம் பீடிக்கு இத்துணைக் காசு எனத் தொடங்கி, நாளடைவில் அது 5 ரூபாய் வரை உயர்ந்தது.

இத்தொகையின் அளவைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். ஆயிரத்திற்கு 5 ரூபாய் எனின், ஒரு பீடிக்கு அரைக்காசு. நாளொன்றுக்கு ஆயிரம் வீதம் ஆண்டில் 300 நாள் சுற்றும் ஒரு பெண்ணின் உழைப்பு 1,500 ரூபாயை நிதிக்கு ஈட்டித்தரும். அவள் கூலியில் இது பிடிக்கப்படவில்லை, உற்பத்தியாளரே செலுத்தினார். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, வீடு கட்ட மானியம், மருத்துவம் என்று அது குடும்பங்களுக்குத் திரும்பியது. கல்லிடைக்குறிச்சிக்குக் கீழ்ப்பால், ஆற்றின் வடகரையில் உள்ள முக்கூடலில் பீடித் தொழிலாளர்க்கென மருத்துவமனை அமைந்தது. (பள்ளு இலக்கியத்தால் நாம் அறியும் முக்கூடல் சீவலப்பேரியை அடுத்தது; பெயரொற்றுமையால் மயங்கலாகாது.)

பயனடைவதற்கு அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குத் தாம் தொழிலாளி என்பதற்குச் சான்று வேண்டும். ஒருவர் பெயரில் கணக்கிருக்க அவ்வீட்டுப் பெண்டிர் பலர் சேர்ந்து சுற்றும் வழக்கமுடைய தொழிலில் இச்சான்று எளிதன்று. உதவி பெரிதோ சிறிதோ, அட்டையின் பெருமதிப்பு வேறிடத்தில் இருந்தது என்பது என் கருத்து. ‘நீ யாருடைய தொழிலாளியும் அல்லை’ என்று சொல்லப்பட்டவள் கையில், அவள் தொழிலாளியே என்று அரசு எழுதிக்கொடுத்த ஓலை அது.

ஈண்டு ஐயம் ஒன்று எழும். அரசு கூலிக்குமேல் கொடுக்குமாயின் முதலாளி கூலியைக் குறைத்துவிடாரோ? இங்கிலாந்தில் 1795இல் பெர்க்சயர் நீதிபதிகள் இசுபீனம்லாந்து என்னுமிடத்தில் கூடி, ரொட்டி விலையும் குடும்பத் தொகையும் நோக்கிக் கூலியை ஏழையர் வரிப்பணத்தால் நிரப்ப வகுத்தனர். பண்ணையாரின் சுமையை ஊரார் வரி தாங்கியது என்று குறைகூறி, 1834ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒடுக்க முற்பட்டது. அக்குற்றச்சாட்டு மிகைபட்டது என மார்க் பிளாக் 1963இல் மறுத்தெழுதினார். வழக்கு முடிந்தபாடில்லை, 1971இல் அந்நாடே குறைந்த ஊதியக் குடும்பங்களுக்கு மீண்டும் வருவாய் நிரப்பும் திட்டத்தைக் கொணர்ந்தது.

பீடி நலத்தீர்வைக்கு அக்குறை முழுதும் பொருந்தாது. இங்கே பணம் ஊரார் வரியிலிருந்து வரவில்லை. அத்தொழிலின் பொருளிலிருந்தே வந்தது. எத்துணை பீடி சுற்றப்பட்டதோ அத்துணைத் தீர்வை. களத்துச் சுதந்திரத்தோடு இதற்கு உறவு உண்டென்று சொல்வது அதனாலேதான். வேறுபாடும் உண்டு. களத்தில் அளந்தவர் ஊரார். இங்கே அளந்தது தில்லி அரசு. சுற்றியவளுக்குத் தன் பங்கு எவ்வளவு என்பது தெரிய வழியில்லை.

2017 சூலை 1ஆம் நாள் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது இந்நலத்தீர்வை நீக்கப்பட்டது. பீடியின்மீது வரி குறைந்துவிடவில்லை; 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. ஆனால் அதில் இன்ன பகுதி சுற்றுவோர்க்கு என்னும் வரையறை மறைந்தது. உதவித்தொகையும் மருத்துவமும் நின்றுவிடவில்லை. அரசின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கும் தொகையால் அவை தொடர்ந்தன. கொடுக்கும் கை ஒன்றே, பயன் ஒன்றே எனின் இழந்தது யாது என்று கேட்கலாம். முன்னர், தீர்வையாக வந்த தொகை எங்கே என்று கணக்குக் கேட்கச் சட்டத்தில் இடமிருந்தது. இப்போது ஒதுக்கீட்டைக் கூட்டுமாறு வேண்டலாம், அவ்வளவே.

இனி அப்பளம். உளுந்து மாவை உருட்டித் தட்டி உலர்த்தும் இவ்வூர்ப் பெண்டிரின் கைவண்ணம் தமிழகமெங்கும் பெயர் பெற்றது. பொருநை நீரே சுவைக்குக் காரணம் என்பர் உள்ளூரார். அப்பளத்தின்மீது என்றும் நலத்தீர்வை இருந்ததில்லை. சரக்கு, சேவை வரியிலும் அதற்கு விலக்கு உண்டு. உண்போர்க்கு இது நன்மையே. ஆனால் வரியே இல்லாத பொருளில் இடுபவர்க்கென எடுத்து வைக்கப் பங்கும் இல்லை.

2023 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு, வருவாய் வரம்புக்கு உட்பட்ட குடும்பத் தலைவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. அதற்கு இட்ட பெயர் ‘மகளிர் உரிமைத் தொகை’. உதவி என்றோ மானியம் என்றோ கூறாமல் உரிமை என்றமை சொல்லாராய்ச்சியார் நோக்கத்தக்கது. வீட்டில் கூலியின்றிச் செய்யும் உழைப்புக்கான ஏற்பு இது என்று அரசு விளக்கியது. தொழிற்கூலியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஒரே தெருவில் பீடித்தட்டோடு அமர்ந்திருப்பவளும் அப்பளப் பலகையோடு அமர்ந்திருப்பவளும் தகுதியுடையராயின் அதனை ஒரே அளவில் பெறுவர். தான் செய்த பொருளிலிருந்தே எடுத்து வைத்த பங்கு 2017 வரை முன்னவளுக்கு இருந்தது. பின்னவளுக்கு என்றும் இருந்ததில்லை.