அந்தமான் வான்வெளியும் விமானங்களின் நான்கு இலக்கக் குறியீடும்

ஸ்ரீ விஜயபுரம்: முன்னர் போர்ட் பிளேர் எனப்பட்ட இந்நகரின் வீர சாவர்க்கர் விமான நிலையத்தில் பயணிகள் விமானங்களும், ஐஎன்எஸ் உத்க்ரோஷ் கடற்படைத் தளத்தின் விமானங்களும் ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்துகின்றன. ஏவுகணைச் சோதனைகளுக்காக இப்பகுதி வான்வெளி அவ்வப்போது மூடப்படுவதும் உண்டு. 2025 மே 23, 24 தேதிகளில் நாளொன்றுக்கு 3 மணி நேரம் மூடப்பட்டது. இத்தகைய வான்வெளியில் வரும் விமானம் எது என்பதைத் தரைக்கு உணர்த்துவது டிரான்ஸ்பாண்டர் கருவியே.

ரேடாரின் வினாவுக்கு இக்கருவி 4 இலக்கக் குறியீட்டை விடையாக அனுப்பும். 0 முதல் 7 வரையிலான எண்கள் மட்டுமே இடம்பெறுவதால் மொத்தக் குறியீடுகள் 4,096. அவற்றுள் 7500 கடத்தலையும், 7600 வானொலித் தொடர்பு துண்டிப்பையும், 7700 அவசரநிலையையும் குறிக்கும்.

பிழை பெரும்பாலும் எண்ணை மாற்றும் கணத்தில் நேர்கிறது. ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியே திருப்பும் கருவியில் 2700-ஐ 7200 ஆக்க முதல் இலக்கத்தைத் தொட்டால், இடையில் 7700 தோன்றிவிடும். எனவே 2200 வழியாக மாற்றுமாறு அமெரிக்க விமானிகள் கையேடு அறிவுறுத்துகிறது. 2019 நவம்பர் 6 அன்று ஆம்ஸ்டர்டாமில் ஏர் ஐரோப்பா விமானி தவறுதலாகக் கடத்தல் எச்சரிக்கையை இயக்கியதால், ஸ்கிபோல் நிலையத்தின் ஒரு பகுதியே மூடப்பட்டது.

தவறான குறியீட்டைவிடக் கொடியது குறியீடே இல்லாமை. 2014 மார்ச் 8 அன்று மலேசியாவின் எம்எச் 370 விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் ஓய்ந்தது. அந்தமான் கடலை நோக்கிச் சென்ற அதனை ராணுவ ரேடார் பெயரற்ற புள்ளியாகவே கண்டது.