75 மாலுமிகளும் மாட்டு ஈரலும்

1857-ம் ஆண்டு, ஏப்ரல் மாதக் கடைசி. ட்ரியெஸ்ட் துறைமுகத்திலிருந்து (இன்று அது இத்தாலியில் இருக்கிறது) ‘நோவாரா’ என்கிற ஆஸ்திரியப் போர்க்கப்பல் கிளம்பியது. சண்டைக்கு அல்ல... விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிவர! 1858-ல் நம்ம சென்னையிலும் சில நாள் நங்கூரம் போட்டார்கள்.

அந்தக் கப்பலில் எடுவார்ட் ஷ்வார்ஸ் என்றொரு இளம் டாக்டர். கிளம்பும்போதே அவர் மனசுக்குள் ஒரு கேள்வி. நீண்ட கடல் பயணம் போகிற மாலுமிகளுக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் போகிறதே... ஈரல் தின்றால் சரியாகிவிடும் என்று சாதாரண ஜனங்கள் சொல்கிறார்களே, அது நிஜமா? சோதித்தே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

வாய்ப்பு தாராளமாகக் கிடைத்தது. கப்பலில் இருந்த 352 பேரில் 75 பேருக்கு மாலைக்கண்! பகலெல்லாம் நன்றாக வேலை பார்த்த ஆட்களை, இருட்டியதும் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகவேண்டியிருந்தது. கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்... நடுக்கடல், பாய்மரக் கப்பல், ராத்திரி நேரம். ஐந்தில் ஒருவருக்குக் கண் தெரியாது!

ஷ்வார்ஸ் ஈரலை வேகவைத்துக் கொடுத்தார். அத்தனை பேருக்கும் பார்வை திரும்பியது.

ஊர் திரும்பியவர், மாலைக்கண்ணுக்குக் காரணம் சாப்பாட்டில்தான் இருக்கிறது என்று எழுதினார். வியன்னா மருத்துவ உலகம் தூக்கிக் கொண்டாடியிருக்க வேண்டும், இல்லையா? ‘விளையாட்டுத்தனம், விளம்பர ஆசை’ என்று ஏசினார்கள். 1862-ல் காசநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 31. ‘வைட்டமின்’ என்ற வார்த்தை பிறக்க இன்னும் 50 வருஷம் பாக்கி!

இத்தனைக்கும் ஈரல் வைத்தியம் ஒன்றும் புதுசு இல்லை. சுமார் 3,500 வருஷங்களுக்கு முந்தைய எகிப்தின் ஏபர்ஸ் பாப்பிரஸ் சுவடியிலேயே இருக்கிறது. என்ன, அவர்கள் மாட்டு ஈரலைச் சுட்டுப் பிழிந்து கண்ணில் விடச் சொன்னார்கள். கிரேக்க வைத்தியர்கள்தான் தேன் கலந்து வாய்க்குள் போட்டார்கள். அதுதான் சரியான வழி.

அப்படி ஈரலில் என்னதான் இருக்கிறது? பளிச்சென்ற வெயிலிலிருந்து தியேட்டருக்குள் நுழைந்ததும் ஸீட் தெரியாமல் தடுமாறுகிறீர்கள் அல்லவா? மங்கிய ஒளியில் பார்ப்பதற்கென்றே விழித்திரையில் ஒரு நிறப்பொருள் உண்டு. ரொடாப்ஸின். வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். இருட்டில் மெள்ள மீண்டும் உருவாகும். உருவாக வைட்டமின் ஏ வேண்டும். உடம்பு அதைச் சேர்த்துவைக்கும் கிடங்குதான் ஈரல். கிடங்கு காலியென்றால் தடுமாற்றம் தீராது. கடல் வெயிலின் கூச்சம்தான் மாலைக்கண்ணுக்குக் காரணம் என்று அந்தக் காலத்து டாக்டர்கள் சிலர் சாதித்தார்கள். பாதி சரி! வெயில் நிறப்பொருளைச் செலவழித்தது. சாப்பாடு அதை ஈடுகட்டவில்லை. விழித்திரைக்குள் வைட்டமின் ஏ இருப்பதை ஜார்ஜ் வால்ட் கண்டுபிடித்தது 1933-ல். 1967-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

(இதைப் படித்துவிட்டு உடனே ஈரல் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். வயதானவர் ராத்திரியில் தடுமாறினால் கண்புரையாக இருக்கலாம். பரம்பரையாக வரும் விழித்திரைக் கோளாறும் உண்டு. முதலில் கண் டாக்டர்!)

மருந்து சாப்பாடுதான் என்று தெரிந்துவிட்டது. ஆனால், அந்தச் சாப்பாடு யார் வாய்க்குப் போகிறது? முதல் உலகப் போர் சமயத்து டென்மார்க்கைப் பாருங்கள். வெண்ணெய்க்குப் பேர்போன தேசம். வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்ததால் வெண்ணெய் கப்பலேறியது. ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ இல்லாத மார்கரினும் கொழுப்பெடுத்த பாலும்! கண் வறண்டு, கருவிழி கெட்டு, பார்வை போன குழந்தைகளை கோபன்ஹேகனில் கார்ல் பிளாக் என்ற டாக்டர் பார்த்தார். பிறகு ஜெர்மன் நீர்மூழ்கிகளால் ஏற்றுமதி முடங்க, 1917 டிசம்பரில் வெண்ணெய் ரேஷனுக்கு வந்தது. தலைக்கு வாரம் கால் கிலோ. அவ்வளவுதான்... அந்த வியாதியே காணாமல் போனது! ஒரு தேசத்துக் குழந்தைகளின் கண்ணைப் போர்க்கால முற்றுகை காப்பாற்றிய விநோதம் இது.

கண்ணோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. 1970-களின் கடைசியில் ஆல்ஃபிரட் சோமர் என்ற அமெரிக்கக் கண் டாக்டர், ஜாவா தீவில் சுமார் 3,500 குழந்தைகளை 18 மாதம் தொடர்ந்து கவனித்தார். பிற்பாடு கணக்கைப் புரட்டியபோது அதிர்ந்துபோனார். மாலைக்கண் மாதிரி லேசான அறிகுறி இருந்த குழந்தைகள், மற்றவர்களைவிடச் சராசரியாக 4 மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள். தொற்றுநோய்களைத் தாங்கும் தெம்புக்கும் வைட்டமின் ஏ வேண்டும் என்பது புரிந்தது. 1983-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். இவரையும் சுலபத்தில் நம்பவில்லை!

அப்புறம்தான் நம்ம திருச்சி வருகிறது. அந்த மாவட்டத்தில் 15,000-க்கும் அதிகமான சின்னக் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் வாராவாரம் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். 1990-ல் வந்த முடிவு: அந்தப் பிரிவில் சாவு 54 சதவிகிதம் குறைவு! அதே வருஷம் வெளியான ஹைதராபாத் ஆய்வில், 6 மாதத்துக்கு ஒருமுறை கொடுத்ததில் அப்படி எந்தப் பலனும் தெரியவில்லை. எப்படி, எவ்வளவு, யாருக்குக் கொடுப்பது என்கிற சண்டை அன்று சூடுபிடித்ததுதான்... இன்னும் முழுசாக ஓயவில்லை. அந்தச் சண்டைக்கு நடுவேதான், 1970-ல் கண்ணைக் காப்பதற்கென்று இந்திய அரசு ஆரம்பித்த வைட்டமின் ஏ திட்டத்தின்கீழ், இன்றைக்கும் ஒன்பதாம் மாதத்திலிருந்து ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு அந்த மருந்தை ஸ்பூனில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.